ஞாயிற்றுக்கிழமை ஆறு போண்டா

பள்ளியை விட்டு வந்து ஒன்றரை வருஷமாகிறது. இன்னமும் காலை ஐந்தரைக்குத் தானாக முழிப்பு வந்து தொலைக்கிறது. போன வாரம் என்னோடு வேலை பார்த்த இரண்டு இளம் டீச்சர்கள், ஸ்வாதியும் மோனிகாவும், திருப்பதியிலிருந்து பஸ் பிடித்துப் புத்தூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். இந்த வருஷத்திலிருந்து பிள்ளைகள் வகுப்பில் எழுதுவது, வரைவது எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து அன்றைக்கே பெற்றோருக்கு அனுப்ப வேண்டுமாம். அதற்கென்று ஒரு ஆப் வந்திருக்கிறதாம்.

"ரொம்ப ஈஸி மிஸ். ஒரு தட்டு தட்டினா போயிடும்" என்றாள் ஸ்வாதி.

"தட்டுறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருக்குன்னு படிப்பியா?"

"செக் பண்ணாம அனுப்புவோமா மிஸ்? ஸ்பெல்லிங், மார்ஜின் எல்லாம் பாத்துட்டுதான்."

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செக் பண்ணினேன். என்ன ஆயிற்று என்று சொன்னேன். மோனிகா சிரித்துச் சிரித்துக் காபியைச் சுடிதாரில் கொட்டிக்கொண்டாள். "இதை எழுதிக் குடுங்க மிஸ், ஸ்டாஃப் ரூம்ல வெக்கிறோம்" என்றார்கள். எழுதுகிறேன். சிரிக்கிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சத்தியவேடு பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். சித்தூரில் டீச்சர் டிரெய்னிங் படித்தேன். அங்கே இரண்டு வருஷத்தில் கற்றது கரும்பலகையில் கோணாமல் எழுதுவதும், சார்ட் பேப்பருக்கு பார்டர் ஒட்டுவதும்தான். அப்புறம் சித்தூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருஷம் இரண்டாம் வகுப்பு. ஒரு அறையில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். நான் வாசலில் நின்று "ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்" என்று ஒரு தரம் சொன்னால் போதும், ஐம்பத்திரண்டு விரலும் உதட்டுக்குப் போகும். மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஹெட்மாஸ்டர் மற்ற டீச்சர்களைக் கூட்டிவந்து என் வகுப்பைக் காட்டுவார். எனக்குத் தலை கால் புரியாது.

என் வீட்டுக்காரருக்குக் கரண்டு ஆபீசில் வேலை. அவருக்குத் திருப்பதிக்கு மாற்றல் வந்ததும் நானும் வேலை தேட வேண்டியதாயிற்று. ஊருக்கு வெளியே மாந்தோப்பை ஒட்டிப் புதிதாக ஒரு இன்டர்நேஷனல் பள்ளி திறந்திருந்தார்கள். ஏசி பஸ், கண்ணாடிச் சுவர், வாசலில் மீன் தொட்டி. உள்ளே போய்ப் பார்த்தால் பிரின்ஸிபல் மிஸஸ் டிசோசா பிள்ளைகள் உட்காரும் முக்கால் அடி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். மங்களூர்க்காரர், ஒல்லியாக, நரைத்த கிராப்போடு இருப்பார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். இங்கே தமிழில் தருகிறேன்.

"கடைசியா ஒரு குழந்தை உங்களுக்கு எதையாவது கத்துக்குடுத்தது எப்போ?" என்று கேட்டார்.

"என் கிளாசுல அந்த மாதிரியெல்லாம் நடக்க விடமாட்டேன் மேடம்" என்றேன் விறைப்பாக.

அவர் சிரித்துவிட்டு வேலை கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இங்கேயும் எனக்கு இரண்டாம் வகுப்புதான். முதல் நாள் காலையில் இருபத்திரண்டு பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய தோரணையில் வாசலில் நின்று, "ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!" என்றேன். ஒருத்தருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. கடைசியில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டிப் பெண் எழுந்து வந்து, எம்பி நின்று, தன் விரலை என் உதட்டின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, "இப்போ என்ன பண்ணணும் மிஸ்?" என்று கேட்டாள். அவள்தான் ஹாசினி. மீதியெல்லாம் அவளைப் பற்றித்தான்.

அந்தப் பள்ளியின் நடைமுறைகளைச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பேர் எழுதிய கிளிப்பைச் சுவரில் இருக்கும் முகங்களில் ஒன்றில் மாட்ட வேண்டும். சிரித்த முகம், அழுத முகம், கோப முகம், தூக்க முகம் என்று நாலு. அதுதான் அட்டெண்டன்ஸும். அப்புறம் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார வேண்டும், டீச்சரும் தரையில்தான். என் முழங்கால் முதல் வாரமே என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு மரக்கிளி கைக்குக் கை போகும். கிளி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். பேச விருப்பமில்லையென்றால் கிளியை அடுத்தவருக்குத் தந்துவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

சிவப்புப் பேனா கூடாது. "வெரி குட்" கூடாது, "இதைக் கவனித்தேன்" என்று தொடங்கிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் லேசில் போகுமா? "வெரி... கவனித்தேன்" என்று நடுவில் முழுங்குவேன். பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் "வெரி கவனித்தேன்" என்று பாராட்டிக்கொள்ளும். கடைசி விதி ஒன்று உண்டு. பிள்ளை செய்த வேலை பிள்ளைக்குச் சொந்தம். அதில் டீச்சர் கை வைக்கக் கூடாது, திருத்தக் கூடாது, பிள்ளை தன் கையால்தான் சுவரிலிருந்து இறக்க வேண்டும். சுவரில் எதை மாட்டுவது என்பது மட்டும் டீச்சர் இஷ்டம். அந்த ஒரு இஷ்டத்தில்தான் நான் மாட்டினேன்.

டிசோசா மேடம் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் தப்புச் செய்திருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, ஐயோ சாமி! ஒரு நாள் என் பையில் சிவப்புப் பேனாவைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு புவனா?" என்றார். முழுசாக அரை நிமிஷம் ஆகவில்லை. பேனாவைப் பற்றி மட்டுமா சொன்னேன்? காலையில் கையெழுத்துப் போடப் பத்து நிமிஷம் லேட்டானது, சித்தூரில் ஒரு பையன்மேல் சாக்பீஸ் எறிந்தது, டிரெய்னிங்கில் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து லெஸன் பிளான் எழுதியது எல்லாம் வரிசையாகக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் பேனாவைப் பத்தித்தான் கேட்டேன்" என்றார்.

ஹாசினி 'நைனா' என்று கூப்பிடும் அவளுடைய அப்பா பாஸ்கருக்குத் திருப்பதியில் லாட்ஜ். நகரிக்காரர், நல்ல ஆகிருதி, கதவில் நுழைந்தால் வெளிச்சம் குறையும். அம்மா லதா காளஹஸ்தியில் பிறந்தவர். தெலுங்கு வீட்டுப் பெண் என்றாலும் கல்யாணமாகி வந்து நகரித் தமிழ் நன்றாகவே பேசுவார். ஒரு நாள் பஸ் வரும்வரை என்னோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். பாஸ்கருக்குச் சர்க்கரை, ரெண்டு மாசமாக எவ்வளவு பத்தியம் பண்ணியும் இறங்கவே இல்லை, இனி ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். "இவரு நடக்குறாரான்னு யாரு பாக்குறது? அதான் பாப்பாவைக் கூட அனுப்புறேன் மிஸ், காவலுக்கு" என்றார். நல்ல ஏற்பாடுதான் என்று நானும் தலையாட்டினேன்.

அந்த நவம்பரில் கணக்குப் பாடத்தில் தகவல் சேகரிப்பு என்று ஒரு பகுதி. வீட்டில் தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றை ஏழு நாள் எண்ணி வர வேண்டும், வந்து கட்டம் போட்ட தாளில் கிராஃப் போட வேண்டும். எதை எண்ணுவது என்று பிள்ளைதான் முடிவு செய்யும், டீச்சர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒருவன் குக்கர் விசில், ஒருத்தி சுவர்ப்பல்லி. கொரியாக்காரப் பெண் மின்ஜி பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த மாடுகளை எண்ணினாள், அவளுடைய கிராஃப் தாளைத் தாண்டிப் போய் மேலே இன்னொரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

ஹாசினியுடைய கிராஃபைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் இரண்டு அச்சையும் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள். கம்பத்துக்குக் கம்பம் சம இடைவெளி. ஒன்றுக்கு ஒரு கட்டம், கட்டத்தைத் தாண்டாத ஆரஞ்சு வண்ணம். செவ்வாய்க்கிழமைக்கு ஒன்றுமில்லை என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டு அடியில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தாள். பூஜ்யம் போடத் தெரிந்த இரண்டாம் வகுப்பு! இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. மேலே இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் தலைப்பு: "நைனா தின்ற போண்டாக்கள்."

தலைப்பில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. தங்கக் கலர் பார்டர் ஒட்டி, சுவருக்கு நட்டநடுவில், பெரியவர்கள் கண்ணுக்கு நேராக மாட்டினேன். மறுநாள் பெற்றோர் வரும் நாள்.

அன்று சாயங்காலம் மேடம் வந்து சுவரைப் பார்த்தார். நடுவில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "புவனா, உங்க சுவரைப் படிச்சீங்களா?"

"ஒவ்வொண்ணா செக் பண்ணிட்டேன் மேடம்."

அவர் கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். என் ஜென்மத்தில் முதல் தடவையாக அவரிடம் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒரு குற்றமும் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர் பெருமூச்சு விட்டுப் போய்விட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மகராசி. அதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் வருத்தம்தான்.

பெற்றோர் வரும் நாளில் டீச்சர் பேசக் கூடாது. பிள்ளைதான் கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு அப்பா அம்மாவுக்குத் தன் வேலைகளைக் காட்டி விளக்கும். பாஸ்கர் வெள்ளைச் சட்டையில், லதா பட்டுப் புடவையில் வந்தார்கள். ஹாசினி அவர்களை நேராகச் சுவருக்கு அழைத்துப் போனாள்.

"இது திங்கள். ரெண்டு. இது செவ்வாய். ஜீரோ, கடை லீவு. புதன் மூணு."

"எந்தக் கடை கண்ணம்மா?" லதா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"போண்டா வண்டி. வாக்கிங் போறோம்ல, அங்க."

"வாக்கிங் எவ்ளோ தூரம் போவீங்க?"

"வண்டி வரைக்கும்."

பாஸ்கர் கைக்குட்டையை எடுத்தார். ஹாசினியின் குச்சி நிதானமாக நகர்ந்தது. வியாழன் நாலு, வெள்ளி ரெண்டு, சனி மூணு. கடைசிக் கம்பம் மற்றவற்றைவிட உயரமாக நின்றது.

"ஏமண்டி," லதா புருஷனைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை ஆறா?"

"சின்ன சைஸு லதா" என்றார் பாஸ்கர்.

பின்னால் நின்ற குக்கர் விசில் பையனின் அப்பா களுக்கென்று சிரித்துவிட்டார். அதற்குள் நாலு குடும்பம் கூடிவிட்டது. லதா சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு மாசமா எங்கையி சமையல்லதான் ஏதோ தப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நானும் சோத்தை வுட்டுட்டு ராகி சங்கட்டி துன்னுக்கினு கீறேன். நீங்க இன்னான்னா..." முடிக்காமலே வெளியே போய்விட்டார்.

பாஸ்கர் மகளைப் பார்த்தார். "இன்னா பாப்பா, அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"நான் அம்மாகிட்ட சொல்லலையே நைனா. பேப்பர்லதான் போட்டேன்" என்றாள் ஹாசினி. அவளுக்குத் தான் ஒரு வாக்கையும் மீறவில்லை என்பதில் சந்தேகமே இல்லை. அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் குச்சியைக் கீழே போட்டாள்.

திங்கட்கிழமை காலை பாஸ்கர் வந்தார். என்னை வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா மிஸ்ஸு இது? படிக்க அனுப்பினா வூட்டு வெவகாரத்தை செவுத்துல மாட்டுவீங்களா? ஊரே சிரிக்குது. எங்கிட்ட சம்பளம் வாங்குற ரூம் பாய், 'சார், போண்டா வாங்கியாரட்டா'ன்னு கேக்குறான். வூட்டுல அவ மூணு நாளா எங்கூட பேசல. நான் பாப்பாவை வேற ஸ்கூல்ல சேக்குறேன். டீசி குடுங்க."

மேடம்தான் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை விலகினால் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில் அப்பா அம்மா இருவரும் வகுப்புக்கு வர வேண்டும், பிள்ளை சுவரில் இருக்கும் தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியாக ஒரு தரம் விளக்கிவிட்டு, தன் கையாலேயே இறக்கி எடுத்துப் போக வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூன்றரை மணி என்று முடிவாயிற்று. அதுவரை ஹாசினி வகுப்புக்கு வருவாள்.

வந்தாள். ஆனால் பழைய ஹாசினி வரவில்லை. கிளிப்பை எந்த முகத்திலும் மாட்டாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மரக்கிளி கைக்கு வந்தால் சூடுபட்டதுபோல் அடுத்தவளிடம் தள்ளினாள். சரி, ஒரு நாள் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் தொட்டிச் செடியில் எத்தனை இலை என்று எண்ணி எழுதச் சொன்னேன். ஹாசினி பூஜ்யம் என்று எழுதினாள். டப்பாவில் எத்தனை பென்சில்? பூஜ்யம். ஜன்னல் எத்தனை? பூஜ்யம். நேற்றுவரை ஊர்ப் போண்டாவையெல்லாம் எண்ணின பிள்ளை!

என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். வரிசைக்கு லீடர் ஆக்கினேன். மீனுக்குத் தீனி போடும் வேலையைக் கொடுத்தேன். "உன்மேல தப்பே இல்லடா கண்ணு" என்று தினமும் காதில் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. தான் எண்ணினதால்தான் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "கண்ணு, உன் கையில எத்தனை விரல் இருக்கு? அதையாவது சொல்லு" என்றேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் வாயை அடைத்துப் பெயர் வாங்கியவள் நான். இந்த ஒரு பிள்ளை ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன். பள்ளியிலிருந்து பார்த்தால் மலை தெரியும், அந்தப் பக்கம் பார்த்தே வேண்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறினேன். நாளைக்கு அந்தப் பிள்ளை எல்லோர் முன்னாலும் அந்தக் கிராஃபைக் காட்டி விளக்க வேண்டாம், நானே கழற்றிவிடுகிறேன் என்று. ஒரு பின்னைப் பிடுங்கியிருப்பேன்.

"அது யாருடையது புவனா?"

வாசலில் மேடம். கையைக் கோத்துக்கொண்டாயிற்று. நான் ஸ்டூலில் நின்றபடியே சொன்னேன்: "நான்தான் மாட்டினேன் மேடம். படிக்காம மாட்டினேன். கோடு நேரா இருக்கா, இடைவெளி சரியா இருக்கான்னு பாத்தேனே ஒழிய, அது ஒரு வீட்டு விஷயம்னு எனக்குத் தோணவே இல்ல. மாட்டட்டுமான்னு அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேக்கல."

"சரி," என்றார் அவர். "இதை நாளைக்கு அவகிட்ட சொல்லுங்க. இப்போ இறங்குங்க, அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுது."

வெள்ளிக்கிழமை மூன்றரை. வகுப்பில் பெரிய நாற்காலியே கிடையாது. பாஸ்கர் முக்கால் அடி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டது. மடியில் டீசி ஃபாரம், பாதி எழுதியது. லதா இரண்டு நாற்காலி தள்ளி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் அவர்களுக்கு எதிரே. ஹாசினி தன் களிமண் ஆமையை இறக்கினாள், மழைப் படத்தை இறக்கினாள். எதற்கும் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. கடைசியில் கிராஃபுக்கு முன்னால் வந்து நின்றாள். கை மேலே போகவில்லை.

நான் அவளுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "ஹாசினி, இதை இங்க மாட்டினது நீ இல்ல. நான். உன்னைக் கேக்காம மாட்டினேன். நீ எண்ணினதுல தப்பில்ல, நான் மாட்டினதுதான் தப்பு. என்னை மன்னிச்சுக்கோடா."

அவள் திரும்பவில்லை. மேடம் கையை மடியில் கோத்து, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு யாரைக் குறி வைத்தது என்று எனக்குத் தெரியாது. பாஸ்கரின் நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு தரம் கிராஃபைப் பார்த்தார், ஒரு தரம் மகளின் முதுகைப் பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வியாழன் தப்பு" என்றார்.

எல்லோரும் திரும்பினோம்.

"வியாழக்கிழமை நாலு இல்ல மிஸ்ஸு. அஞ்சு."

"அஞ்சா!" என்றார் லதா. பதிமூன்று நாளில் புருஷனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிற்பாடு சொன்னார்.

ஹாசினி மெதுவாகத் திரும்பினாள். "எப்போ?"

"நீ கையி கழுவப் போனேல்ல, அப்போ ஒண்ணு துன்னுட்டேன்."

அவள் அப்பாவை முறைத்தாள் பாருங்கள், அப்படி ஒரு முறைப்பு! ஏழு நாள் கூடவே நின்று காவல் காத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கடைசியில் கணக்கு தப்பு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? விறுவிறுவென்று போய் ஆரஞ்சு கிரேயானை எடுத்து வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வியாழக்கிழமைக் கம்பத்தின் மேல் இன்னொரு கட்டத்தை ஓரம் தாண்டாமல் நிரப்பினாள். இறங்காமலே திரும்பிக் கேட்டாள்: "வேற?"

பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார். "சனிக்கிழமை ஒரு வடை."

லதா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் வளையல் சத்தத்தோடு சிரிப்பு வெளியே வந்தது.

"வடை இதுல வராது நைனா" என்றாள் ஹாசினி கண்டிப்பாக. "இது போண்டா கிராஃப். வடைக்கு வேற போடணும்."

"அதுக்கின்னா, போடு" என்று பாஸ்கர் மடியில் இருந்த டீசி ஃபாரத்தைத் திருப்பி நீட்டினார். "இந்தா, பின்னாடி காலியாத்தான் கீது."

அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இதுல கட்டம் இல்ல. மிஸ், கட்டம் போட்ட பேப்பர் வேணும்."

ஒரு தாளே போதும்தான். நான் அலமாரியைத் திறந்து கட்டோடு எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.